கட்டிலை யார் பார்ப்பது?

பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் திருமுக்கூடலின் பெருமாள் கோயிற் கல்வெட்டு, வீரராசேந்திர சோழன் காலத்து (11ஆம் நூற்றாண்டு) ஆதுலர் சாலையின் 15 கட்டில்களையும், மருத்துவப் பெண்கள் இருவரையும், இரவு விளக்குக்கான எண்ணெயையும் கணக்கிட்டுச் சொல்கிறது. அது முதியோர்க்கென அமைந்ததன்று. ஆயினும் நம் முதியோர் இல்லங்களில் கல்லில் பொறிக்கப்படுவது என்ன? நன்கொடையாளர் பெயர்! (அமைச்சருக்கும் இடமுண்டு.) கட்டிற்சக்கரத்தின் பிரேக் பிடிக்கிறதா, இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்குண்டா என்று கேட்பார் இல்லை. பாதுகாப்புக்கெனப் பொருத்தும் பக்கக் கம்பியே கழுத்தை நெரிக்கக்கூடும். அதனாலன்றோ 2006இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், தலை நுழையாதபடி கம்பிகளின் இடைவெளி 120 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கவேண்டுமெனப் பரிந்துரைத்தது? அதை அளக்க நிபுணர் வேண்டா. தையற்காரரின் நாடா போதும். "வயதாயிற்று, விழுந்தார்" என்று கைகழுவுவதை நாம் ஏற்கமாட்டோம். பலரைக் கட்டிலே வீழ்த்துகிறது. அடுத்த கட்டடத்திற்கு நிதி திரட்டுமுன், இருக்கும் கட்டில்களின் கணக்கை இல்ல நிர்வாகங்கள் நம்முன் வைக்கட்டும்.