எட்டு மீட்டர் கடன்

வத்திராயிருப்புக் கடைத்தெருவில் நம்மைக் கண்டதும் நண்பர்கள் முதலில் விசாரிப்பது நமது தேக ஆரோக்கியத்தை அல்ல. நமது காரின் ஆரோக்கியத்தைத்தான். "வாத்தியார் வண்டி ஓடுகிறதா, ஓய்வெடுக்கிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற விஷயங்களுக்கு வருவார்கள். இதில் நமக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. மாமனார் வழியாக வந்து சேர்ந்த அந்தப் பழைய அம்பாஸடர், நம் வீட்டில் வயது வந்த ஓர் அங்கத்தினர். அதற்குக் கோபம் வரும். குளிர் காலத்தில் சோம்பல் வரும். மெக்கானிக் வந்து தொட்டதும் நோய் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். "சம்பளத்தில் பாதி அதற்கு, மீதி எனக்கா?" என்று நமது சகதர்மிணி கேட்கும்போது மட்டும், நாம் விடைத்தாள் திருத்துவதில் மும்முரமாகிவிடுவது வழக்கம்.

ராஜபாளையத்தில் நமக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். அவரும் மோட்டார்ப் பித்தர்தான். ஆனால் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வண்டியை மாற்றுகிறவர். புது வண்டி வந்ததும் நம்மை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு, "நூற்று நாற்பதிலும் ஆடாமல் அசையாமல் போகும், சார்! உங்கள் வண்டி எவ்வளவு போகும்?" என்று கேட்பார். வெகு காலம் நாமும் அதற்கு ரோஷத்தோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது சொல்வதில்லை. "எவ்வளவு போகும் என்பது கிடக்கட்டும், எவ்வளவில் நிற்கும்?" என்று திருப்பிக் கேட்கிறோம். இந்தக் கேள்வியை நாம் கற்றுக்கொண்ட கதையைத்தான் இந்த வாரம் சொல்ல உத்தேசம்.

அதற்கு முன் கார் வைத்துக்கொள்வதைப் பற்றி இரண்டு வார்த்தை. நமது அம்பாஸடரைச் சுதேசி வண்டி என்று நாம் பெருமை பேசுவதுண்டு. வாஸ்தவத்தில் அதன் உருவம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலிருந்து வந்தது. 1942-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி, வங்காளத்து உத்தர்பாராவில் அதைச் செய்தது. 1950-களின் பிற்பகுதியில் வெளிவந்த வண்டி, 2014-ல்தான் நின்றது. நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு கம்பெனி ஹெரால்டு கார்களைச் செய்த காலமும் இருந்தது. பிறந்த இடம் எதுவானாலும், ஐம்பது வருஷத்துக்கு மேல் நம் பள்ளம் மேடுகளில் உழைத்த வண்டியை நம்முடையது என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு என்றே கருதுகிறோம்.

ஆனால், தெற்கத்திச் சீமையில் மோட்டார் வித்தையை வளர்த்தவர்கள் சொந்தக் கார்க்காரர்கள் அல்லர், பஸ்காரர்கள். டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ல் மதுரையில் பஸ் விட ஆரம்பித்தார். ஜி. டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சுந்தரம் ஐயங்கார் வண்டிகளை ஓட்டுவதற்கென்றே வாயு யந்திரம் ஒன்றைத் தயாரித்துத் தம் பஸ்களை நிற்காமல் நடத்தினார். அந்த பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்த நேரந்தவறாமை வேகத்தினால் வந்ததல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். புறப்பட வேண்டிய நிமிஷத்தில் புறப்பட்டதனாலும், புறப்படுமுன் வண்டியைச் சரி பார்த்ததனாலும் வந்தது. இந்தப் பாடத்தை நாம் புத்தகத்தில் படித்திருந்தோம், ரஸ்தாவில் படிக்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு ஓர் ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் என்று கேள்விப்பட்டு, குழந்தை குட்டிகளோடு கிளம்பினோம். நம் ஊரிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். மோட்டார்ப் பிரியர்களுக்கு அதைப்போல் ருசியான பிரயாணம் வேறு இல்லை. கிருஷ்ணன்கோவிலில் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையைப் பிடித்தால், ஸ்ரீவில்லிபுத்தூரின் பதினோரு நிலைக் கோபுரம் தூரத்திலேயே வழிகாட்டும். 192 அடி உயரமல்லவா? அங்கே பால்கோவாவுக்காக வண்டியை நிறுத்தாமல் போனவர்கள், நமக்குத் தெரிந்து எவரும் இல்லை. பிறகு ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், எலுமிச்சைக்குப் பேர் போன புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி. மேற்கே மலைத்தொடர் வழி நெடுகக் கூடவே வந்துகொண்டிருக்கும்.

அருவியில் குளித்த கையோடு செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு வரையில் மலையேறியும் வந்தோம். மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை ஓயாமல் மிதித்துச் சூடாக்கக் கூடாது. இவையெல்லாம் நமக்குத் தலைகீழ்ப் பாடம். குழந்தைகளுக்கு உபதேசம் செய்துகொண்டே கொண்டை ஊசி வளைவுகளில் வெகு ஜாக்கிரதையாக ஓட்டினோம். ஆபத்து மலையில்தான் இருக்கிறது என்று அன்று நினைத்திருந்தோம். அது வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் காத்திருந்தது.

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கிருஷ்ணன்கோவிலில் நெடுஞ்சாலையை விட்டு நம் ஊர்ச் சாலையில் திரும்பினோம். தெரிந்த சாலை, தூங்கும் குழந்தைகள், வீட்டுச் சாப்பாட்டின் நினைவு. முள் எண்பதைத் தொட்டிருந்தது. மறுநாள் ஆடி அமாவாசை என்பது நமக்குத் தெரியாததல்ல. சதுரகிரி மலைக்குப் போகிறவர்கள் தாணிப்பாறை அடிவாரத்தை நோக்கி எங்கிருந்தெல்லாமோ வந்துகொண்டிருப்பார்கள் என்பதும் தெரியும். பெரும்பாலோர் பஸ்ஸிலும் வேனிலும் வருவார்கள். நடந்தே வருகிறவர்களும் உண்டு.

எதிரே ஒரு பஸ் வந்தது. மரியாதைக்கு விளக்கைத் தாழ்த்தினோம். பஸ் கடந்தது. அதன் வெளிச்சம் கண்ணை விட்டு நீங்குவதற்குள், நம் விளக்கின் விளிம்பில் சில வெள்ளை வேஷ்டிகள் தெரிந்தன. தலையில் மூட்டையோடு ஏழெட்டுப் பேர் சாலையோரமாக நடந்துகொண்டிருந்தார்கள். பிரேக்கின் மேல் ஏறி நின்றோம் என்றே சொல்ல வேண்டும். டயர் அலறியது. வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய், அரைச் சக்கரம் மண்ணிலும் அரைச் சக்கரம் தாரிலுமாக நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சத்தம் கேட்ட மாத்திரத்தில் அவர்கள் ஓடைப் பக்கமாகக் குதித்து ஒதுங்கியிருந்தார்கள். ஒரு மூட்டை அவிழ்ந்து, அரிசியும் ஒரு பித்தளைச் செம்பும் சாலையில் கிடந்தன. நாம் இறங்கினோம். வாயில் வார்த்தை வரவில்லை. வசவுக்குத் தயாராக நின்றோம், அது நியாயமும்கூட. அந்தக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் செம்பை எடுத்துத் துடைத்துக்கொண்டே காருக்குள் எட்டிப் பார்த்தார். "சாமி, பிள்ளைகளுக்கு அடி கிடி ஒண்ணும் படலையே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நாம் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. வகுப்பில் அன்று நடத்த வேண்டிய பாடம் வேறு. ஆனால் கரும்பலகையில் நமது கை தானாகவே வேறொரு கணக்கை எழுதியது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் சுமார் 11 மீட்டர் ஓடும். கண் பார்த்து, புத்தி உணர்ந்து, கால் பிரேக்கை அடைவதற்கு ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். நல்ல டயரும் காய்ந்த தார் ரஸ்தாவுமானால், அதற்குப் பிறகு வண்டி நிற்பதற்குச் சுமார் 9 மீட்டர் வேண்டும். மொத்தம் 20. சரி, 80 கிலோமீட்டர் வேகமானால்? "நாற்பது மீட்டர், சார்!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. நாமும் இருபது வருஷம் வண்டி ஓட்டியும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். அது தப்பு. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்காகும். வண்டியின் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்தச் சக்தி முழுவதையும் பிரேக் தின்று தீர்த்தாக வேண்டும். ஆகவே 22-ம் 36-ம் சேர்ந்து 58 மீட்டர்.

பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போய், நாடாவைப் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினோம். இருபது மீட்டர்க் கோட்டைப் பார்த்துச் சிரித்தவர்கள், ஐம்பத்தெட்டு மீட்டர்க் கோடு மறு கோடியிலுள்ள வேப்ப மரத்தையும் தாண்டிப் போனதைப் பார்த்து மௌனமானார்கள். தாழ்த்திய விளக்கு பாதையைக் காட்டுவது நாற்பது, ஐம்பது மீட்டருக்குத்தான் என்பதையும் சொன்னோம். கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான்.

"சார், அப்படின்னா எண்பதுல வர்றவங்க வெளிச்சத்துக்குள்ள நிக்கவே முடியாதா?"

"முடியாது, அப்பா."

"எட்டு மீட்டர் பாக்கி விழுமே, சார்?"

விழும். அந்த எட்டு மீட்டர் தொடங்கும் இடத்தில் வண்டி ஊர்ந்துகொண்டு இருக்காது. இன்னும் சுமார் 38 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கும். அன்றிரவு அந்த எட்டு மீட்டரை நமக்குக் கொடுத்தது நமது சாமர்த்தியமல்ல, பிரேக்குமல்ல. குதித்து ஒதுங்கிய அந்த ஏழெட்டுப் பேர் கொடுத்தார்கள். அவர்களில் கால் ஊனமானவர் ஒருவர் இருந்திருந்தால், காது கேளாத கிழவி ஒருத்தி இருந்திருந்தால், அந்தக் கடனை எங்கே போய் வாங்கியிருப்போம்? அதற்கு நாம் பெற்ற லாபத்தையும் கணக்குப் பார்த்தோம். கிருஷ்ணன்கோவிலிலிருந்து நம் ஊருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நாற்பதில் வந்தால் பதினெட்டு நிமிஷம். எண்பதில் வந்தால் ஒன்பது நிமிஷம். மிச்சம் ஒன்பது நிமிஷம். வீட்டுக்கு வந்து ரசம் சுடுகிற நேரம்!

இது ஒரு வாத்தியாரின் பயம் என்று சிலர் நினைக்கக் கூடும். சர்க்கார் கணக்கைப் பாருங்கள். 2022-ம் வருஷத்தில் நம் தேசத்து ரஸ்தாக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கால்நடையாகப் போனவர்கள். பத்தில் ஏழு மரணங்களுக்கு அதிவேகம் காரணமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதே வருஷத்தில் மாகாணங்களிலெல்லாம் அதிகமான விபத்துக்கள் நடந்தது நம் தமிழ்நாட்டில்தான்: 64,105.

ஒரு காலத்தில் இங்கிலாந்தில், ரஸ்தாவில் ஓடும் யந்திர வண்டிக்கு முன்னால் ஒருவன் சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1865-ல் செய்த சட்டம் அது. நாட்டுப்புறத்தில் மணிக்கு நான்கு மைல், ஊருக்குள் இரண்டு மைல்; அவ்வளவுதான் வேகம். 1896-ல் மோட்டார்களுக்கு அந்தக் கட்டு நீங்கியது. அதே வருஷத்தில்தான் லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கோல் என்ற மாது கார் மோதி இறந்தாள். இப்படி ஒரு காரியம் இனி ஒருபோதும் நிகழக் கூடாது என்று விசாரணை செய்த அதிகாரி சொன்னாராம். கொடி பிடித்தவனைக் கேலி செய்வது சுலபம். அவன் போன பிறகு அவன் வேலையை யார் செய்வது என்பதுதான் கேள்வி. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவனே மனத்துக்குள் ஒரு சிவப்புக் கொடியையும் பிடித்துக்கொள்ள வேண்டும். தன்னைத் தான் ஆளுவதல்லவா சுயராஜ்யம்?

ஆகவே, கார் வாங்க உத்தேசிக்கும் நேயர்களுக்கு நம் அபிப்பிராயம் இதுதான். வண்டியின் நிறத்தைப் பற்றி வீட்டில் தாராளமாகச் சண்டை போடுங்கள். ஆனால் முதல் ரூபாயை டயருக்குச் செலவழியுங்கள், இரண்டாவது ரூபாயைப் பிரேக்குக்கு, மூன்றாவதை விளக்குக்கு. ஆசனத்து உறையும் பாட்டுப் பெட்டியும் மிச்சத்தில் வரட்டும். வாரம் ஒரு முறை டயரின் காற்றைப் பாருங்கள். இரவில் வெளிச்சத்துக்குள் நிற்கக்கூடிய வேகமே உங்கள் வேகம். நம் பக்கத்துச் சாலைகளில் கொள்ளுச் செடியையும் வைக்கோலையும் உலர்த்தியிருப்பார்கள். அது வண்டிக்கு ஆபத்துதான். சக்கரத்தண்டில் சுற்றிக்கொண்டால் தீயும் பிடிக்கும். அவர்கள் செய்வது சரியென்று சொல்லவில்லை. ஆனால், களம் இல்லாத ஒருவனுடைய ஒரு போகத்து உழைப்பு அங்கே கிடக்கிறது என்று எண்ணினால், ஹாரனுக்கு முன்னால் பிரேக் ஞாபகத்துக்கு வரும்.

இப்போதெல்லாம் நாம் எங்கே போனாலும் அரை மணி முன்னதாகப் புறப்படுகிறோம். பொழுது சாய்ந்தால் நம் ஊர்ச் சாலையில் முள் நாற்பதைத் தாண்டுவதில்லை. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துக் கடந்து போகிறார்கள். ராஜபாளையத்துச் சிநேகிதர் "மாட்டு வண்டி வாத்தியார்" என்று நமக்குப் பட்டமும் கட்டியிருக்கிறார். போன ஆடி அமாவாசைக்கு முந்தின இரவு அவரையும் ஏற்றிக்கொண்டு அதே சாலையில் வந்தோம். வெளிச்சத்தின் விளிம்பில் வெள்ளை வேஷ்டிகள் தெரிந்தன. வண்டி அவர்களுக்குப் பின்னால் வெகு தூரத்திலேயே சாதுவாக நின்றது. யாரும் குதிக்கவில்லை, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே நடந்து போனார்கள்.

சிநேகிதர் சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு, "சார், உங்கள் வண்டி நன்றாக நிற்கிறது" என்றார்.

இத்தனை வருஷத்தில் நம் அம்பாஸடருக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரங்களில் இதுவே மேலானது.