கையுறை கடைசிப் பாதுகாப்பே

மருந்தடிக்கப் போன ஒருவர் மலையில் மயங்கி விழுந்தால் நாம் முதலில் கேட்பது, "முகமூடி போட்டிருந்தாரா?" என்பதைத்தான். இல்லை என்ற பதில் கிடைத்ததும் விசாரணை முடிந்துவிடுகிறது. கவனக்குறைவு அவருடையது என்று தீர்ப்பும் கூறிவிடுகிறோம். மறுநாள் அதே பம்பு இன்னொருவர் முதுகில் ஏறுகிறது. அந்தக் கேள்வி பிழையானதல்ல. ஆனால் கடைசியாகக் கேட்க வேண்டியதை முதலில் கேட்கிறோம் என்பதே எமது கருத்து.

போபால் தந்த பாடம்

1984 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு, இந்தியாவின் போபால் நகரில் யூனியன் கார்பைட் பீடைநாசினித் தொழிற்சாலையின் ஒரு தாங்கிக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே இருந்தது மீதைல் ஐசோசயனேற் என்னும் கொடிய நஞ்சு. அது கொதித்தெழ, ஏறத்தாழ 40 தொன் நஞ்சு வெளியேறி அயற் குடிசைகளின் மீது படர்ந்தது. அரசு முதலில் வெளியிட்ட கணக்கே 2,259 பேர் மாண்டதாகக் கூறியது. பின்னர் அத்தொகை கூடிக்கொண்டே போனது.

அங்கு பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமலில்லை. ஆனால் தாங்கியைக் குளிர்விக்கும் இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிடும் கோபுரத்திற்கான குழாய் கழற்றப்பட்டிருந்தது. நச்சை முறிக்கும் கருவி ஆயத்தமாக இருக்கவில்லை. தண்ணீர்ப் பீச்சு வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. இத்தனை வேலிகள் இருந்தும் அத்தனையிலும் ஓட்டை.

இதைவிட ஆழமான கேள்வியொன்று உண்டு. அவ்வளவு நஞ்சை அங்கே ஏன் சேர்த்து வைத்தார்கள்? அது மூலப்பொருளுமல்ல, விற்கும் பொருளுமல்ல. உற்பத்தியின் இடையில் உருவாகும் ஒன்று. சேமித்து வைப்பது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். பிரித்தானிய இரசாயனப் பொறியியலாளர் ட்ரெவர் கிளெற்ஸ் 1970களிலிருந்தே வலியுறுத்தியது இதைத்தான்: ஆபத்தைக் கட்டிவைக்க வழி தேடுமுன், அது இல்லாமலே காரியம் ஆகுமா என்று பாருங்கள்.

ஆகவே கேள்விகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இந்தப் பொருள் தேவைதானா? தேவையென்றால், தீங்கு குறைந்த வேறொன்று உண்டா? இல்லையென்றால், குறைந்த அளவு போதுமா? அதன் பின்னரே பூட்டும், பழுதற்ற கருவியும், பயிற்சியும். கையுறையும் முகமூடியும் எல்லாவற்றுக்கும் கடைசி.

எமது நாட்டின் அனுபவம்

இது வெறும் ஏட்டுக் கதையல்ல. இலங்கையில் மிகக் கொடிய பீடைநாசினிகள் 1995 அளவில் தடை செய்யப்பட்டன. 1998 இல் எண்டோசல்பானும் தடை செய்யப்பட்டது. 1995 இல் ஒரு இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை வீதம் 2005 அளவில் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. மனிதரின் துயரம் அரைவாசியாகிவிடவில்லை. அந்த ஒரு கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நஞ்சின் கொடுமைதான் குறைந்தது. விளைச்சல் அதனால் வீழ்ச்சியடையவில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டின.

ஆயினும் தடை மட்டும் போதாது. 2021 இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது தேயிலையும் மரக்கறியும் பட்ட பாட்டை நாம் கண்டோம். மாற்றுவழியை ஆயத்தம் செய்யாமல் ஒன்றை அகற்றுவது, ஒரு சுமையை ஏழையின் தலையிலிருந்து இறக்கி இன்னொன்றை ஏற்றுவதேயாகும்.

பட்டிப்பொலவில் நாம் செய்யக்கூடியது

எமக்குப் பக்கத்தில் போபால் போன்ற தொழிற்சாலை இல்லை. ஆனால் உருளைக்கிழங்குப் பாத்திக்கு வாங்கிய மருந்து, பத்தடிக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், அரிசிப் பானைக்கு அருகில் இருக்கிறது. மலிவு என்று ஒரு போகத்துக்கும் சேர்த்து வாங்கி, மிஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கிறோம். பம்பைக் கழுவுவது பீலியடியில். இலங்கையிலேயே மிக உயரமான புகையிரத நிலையம் எமது ஊரில் என்று பெருமைப்படுகிறோம். உயரத்தில் இருப்பவர் கானில் ஊற்றுவது கீழே இருப்பவரின் குடத்துக்குத்தானே போய்ச் சேரும்?

ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்தால், தேவைக்கு மட்டும் வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். லயத்துக்கும் ஓடைக்கும் தள்ளி, பூட்டுள்ள ஒரு பொது அறை அமைக்கலாம். கலப்பதற்கும் கழுவுவதற்கும் பீலிக்கு எட்டிய ஓரிடத்தை ஒதுக்கலாம். கைக்களை எடுத்தால் போதுமான இடத்தில் மருந்தைத் தவிர்க்கலாம்.

தோட்ட நிர்வாகங்களிடமும் சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறோம். பம்பின் வாசர் கசிகிறது என்று ஒரு தொழிலாளி சொன்னால், அவரை வேலைக்கள்ளன் என்று ஏசாதீர்கள். அன்று பம்பை நிறுத்தித் திருத்துங்கள். விபத்து நடக்குமுன் வரும் தகவல் அதுவே. அதைச் சொன்னவருக்கு அரைப்பேர் போட்டால், அடுத்த முறை எவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

கையுறை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் கையுறையைக் கொடுத்துவிட்டு எமது கையைக் கழுவிக்கொள்ள வேண்டாம்.