வாசலில் மின்சாரம், வீட்டினுள் இருட்டு!

தோழனே!

கலிபோர்னியா என்றதும் உன் கண்முன் தோன்றுவது என்ன? கணிப்பொறிக் கோமான்களின் மாளிகைகள்! காசுக்குப் பஞ்சமில்லாத கடைவீதிகள்! அந்தச் செல்வச் சீமையிலே, 2019-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், 7 இலட்சத்துக்கு மேற்பட்ட மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. பூமி அதிர்ந்ததா? இல்லை. புயல் வந்து கம்பங்களைச் சாய்த்ததா? அதுவும் இல்லை. மின்சாரம் விற்கும் நிறுவனமே, பசிபிக் கேஸ் அண்டு எலெக்ட்ரிக் என்னும் அந்தப் பெருநிறுவனமே, தன் கையால் அணைத்தது!

ஏன் அணைத்தது? வறண்ட காற்று வீசுகிறது, கம்பி அறுந்து பொறி பறந்தால் காடு பற்றிக்கொள்ளும், ஆகவே பாதுகாப்புக்காக அணைத்தோம் என்றார்கள். பாதுகாப்பாம்! அதற்கு முந்தைய ஆண்டு, 2018 நவம்பரில், சொர்க்கம் என்று பொருள்படும் பாரடைஸ் என்ற ஊர் சுடுகாடாயிற்று. 85 பேர் மாண்டனர். பொறி பறந்தது எங்கிருந்து? இதே நிறுவனத்தின் மின்பாதையிலிருந்து! ஏறத்தாழ நூறாண்டுக் காலம் தொங்கித் தேய்ந்த ஒரு கொக்கி முறிந்தது, கம்பி விழுந்தது, ஊர் எரிந்தது. 84 உயிர்களின் சாவுக்குத் தான் குற்றவாளியே என்று 2020-இல் நீதிமன்றத்தில் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. கொக்கியை மாற்றியிருக்க வேண்டியவர்கள் விளக்கை அணைத்தார்கள். அவர்கள் அகராதியில் அதற்குப் பெயர் பாதுகாப்பு!

போகட்டும். இருள் சூழ்ந்த அந்த வீடுகளுள் ஒன்றை எண்ணிப் பார். உள்ளே நுரையீரல் நலிந்த ஒரு முதியவர். மூச்சுக்குத் துணை நிற்கும் ஆக்சிஜன் கருவி ஓய்ந்துவிட்டது. குளிர்ப்பெட்டியிலே இன்சுலின், குளிர் குறைந்துகொண்டே வருகிறது. வாசலிலோ ஒரு வண்டி நிற்கிறது. அது வெறும் பெட்ரோல் வண்டி அன்று. வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஓடவும், அது தீர்ந்தால் எஞ்சின் கொண்டு ஓடவும் வல்ல ‘பிளக்-இன் ஹைபிரிட்’ வண்டி. அதன் வயிறு நிறைய மின்சாரம்! கட்டிலுக்கும் வண்டிக்கும் இடையே சில அடி தூரம். ஆனால் மின்சாரம் வெளியே வர வழியில்லை. வீட்டிலிருந்து உள்ளே வாங்க வாய் வைத்தவன், வெளியே தரக் கை வைக்கவில்லை!

முடியாத காரியமா அது? கணக்கைப் பார்ப்போம். 2013-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன் ஹைபிரிட் வண்டியின் பேட்டரி 12 யூனிட் கொள்ளளவு உடையது. ஆக்சிஜன் கருவி ஏறத்தாழ 350 வாட் என்றால், நாள் முழுதும் ஓட எட்டரை யூனிட். குளிர்ப்பெட்டிக்கு ஒன்றரை யூனிட். நான்கு சிறு எல்.இ.டி. விளக்குகளுக்குக் கால் யூனிட். பேட்டரியை அடிவரை வழித்தெடுக்க விடமாட்டார்கள். அந்த ஒதுக்கீட்டைக் கழித்தாலும் முக்கால் நாள் மூச்சு நிற்காது. தீர்ந்தபின்? அங்கேதான் இவ்வண்டியின் தனிச்சிறப்பு! எஞ்சின் எழுந்து மீண்டும் மின்சாரம் உண்டாக்கும். பேட்டரியும் பெட்ரோல் தொட்டியும் நிறைந்திருந்தால் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குப் பத்து நாள்வரை தாங்கும் என்று அந்நிறுவனமே சொல்லி விற்றது. அங்கே அவ்வண்டியில் 1500 வாட் தரும் பிளக் பாயிண்ட் உண்டு.

ஜப்பானியர் இதைக் கற்றது ஏட்டிலிருந்து அன்று, இடிபாட்டிலிருந்து. 2011 மார்ச் 11 அன்று நிலம் நடுங்கியது, கடல் பொங்கியது, வடகிழக்கு ஜப்பான் இருளில் மூழ்கியது. அப்போது அங்கிருந்த டொயோட்டா எஸ்டிமா ஹைபிரிட் வண்டிகளிலே 1500 வாட் பிளக் பாயிண்ட் இருந்தது. 2001 முதலே இருந்தது! அதிலிருந்து எடுத்த மின்சாரம் அல்லலுற்றோர்க்கு ஆறுதல் அளித்தது. 2019 செப்டம்பரில் ஃபாக்சாய்ப் புயல் சிபா மாவட்டத்தைப் புரட்டி எடுத்து, 9 இலட்சத்துக்கு மேற்பட்ட இல்லங்களில் விளக்கு அணைந்தபோது, வண்டி நிறுவனங்கள் தம் வண்டிகளை அங்கே அனுப்பின. நடமாடும் மின்நிலையங்களாய் அவை நின்றன.

இனிக் கேள், வேடிக்கையை. அதே டொயோட்டா, 2017-ஆம் ஆண்டு வடிவப் பிரியஸ் பிளக்-இன் வண்டியை ஜப்பானில் விற்றபோது, வீட்டுக் கருவிகளுக்கு மின்சாரம் தரும் வசதியோடு விற்றது. ‘பிரியஸ் பிரைம்’ என்று பெயர் மாற்றி அதே தலைமுறை வண்டியை அமெரிக்காவில் விற்றபோது, அந்த வசதியைக் காணோம்! பேட்டரி உண்டு. எஞ்சின் உண்டு. பிளக் பாயிண்ட் மட்டும் இல்லை. ஜப்பானியன் இருட்டுக்கு ஒரு நீதி, அமெரிக்கன் இருட்டுக்கு இன்னொரு நீதியா?

கேட்டால், விற்பனைக்கூடத்தில் ஓர் உரையாடல் நடக்கும். இதோ நாடகமாகவே காட்டுகிறேன்.

“ஐயா, என் வண்டியிலுள்ள மின்சாரத்தை என் வீட்டுக்கு எடுத்தால் என்ன?”

“எடுக்கலாகாது. பேட்டரி நலிந்துவிடும்!”

“அப்படியா சேதி! மேட்டிலே ஏற நான் மிதிக்கும்போது என்ன ஆகிறது?”

“அது... மோட்டார் இழுக்கிறது.”

அவுட்லேண்டரின் முன்புற மோட்டார் மட்டுமே 60,000 வாட் ஆற்றல் உடையது, தோழனே! வீட்டுக்குக் கேட்பதோ 1500 வாட். நாற்பதில் ஒரு பங்கு! மலையைத் தூக்கச் சொன்னபோது நலியாத தோள், மண்குடம் தூக்கினால் முறிந்துவிடுமாம்!

“சரி, மின்வாரிய ஊழியர் உயிருக்கு ஆபத்தாயிற்றே? உன் வீட்டு மின்சாரம் தெருக்கம்பிக்குப் பாய்ந்தால்?”

இது மட்டும் மெய்யான கேள்வி. மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் தொழிலாளியின் உயிரோடு எவரும் விளையாடலாகாது. ஆனால் விடை புதிதன்று. ஜெனரேட்டர் வைத்திருப்பவன் வீட்டிலே ‘சேஞ்ச் ஓவர் சுவிட்ச்’ இல்லையா? தெருக்கம்பியை முழுதும் விலக்கிய பிறகே வீட்டுக்குள் மின்சாரம் விடும் சாதனம் அல்லவா அது? விடை கையில் இருக்கும்போது வினாவைக் காட்டி வெருட்டுவானேன்?

நிறுவனம் தராததை நாமே செய்துகொள்வோம் என்று துணிவோர்க்கு ஒரு சொல். பெரிய பேட்டரியில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் பாய்கிறது. அதிலே கை வைத்தால் எமன் வாசலுக்கு வருவான். எஞ்சின் ஓடும் வண்டியை மூடிய கொட்டகையில் நிறுத்தினாலோ, கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு உறங்குவோரை எழவிடாது. திறந்த வெளியில் நிறுத்து. தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு செய். ஆகவேதான் சொல்கிறேன்: இது தனியொருவன் தந்திரத்துக்கு விடவேண்டிய காரியம் அன்று, சட்டம் செய்யவேண்டிய காரியம்!

சட்டம் என்ன செய்தது? 2023-இல் நான்சி ஸ்கின்னர் என்னும் உறுப்பினர், மின்வண்டிகள் மின்சாரத்தை வாங்கவும் தரவும் வல்லனவாய் இருத்தல் கட்டாயம் என்று கலிபோர்னியச் செனட்டில் மசோதா கொண்டுவந்தார். கட்டாயம் என்ற அந்தச் சொல் நிலைக்கவில்லை. 2024 செப்டம்பரில் கையெழுத்தான வேறொரு சட்டமோ, தக்க பயன் உண்டெனக் கண்டால் அவ்வாறு ஆணையிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று மட்டும் உரைத்தது. ‘வேண்டும்’ போயிற்று, ‘வேண்டுமானால்’ வந்தது! அதிலும், பேட்டரி மட்டுமே கொண்ட மின்வண்டிகளையே அது குறிப்பிடுகிறது. பேட்டரி தீர்ந்த பின்னும் நாள்கணக்கில் தரவல்ல பிளக்-இன் ஹைபிரிட் வண்டி வெளியே நிற்கிறது.

“வண்டி உடையவன் கவலை இது, வாடகைக் குடிலில் வாழ்பவனுக்கு என்ன?” என்று நீ கேட்பாய். கேட்கத்தான் வேண்டும்! வண்டி இல்லாதவன் இருட்டில் கிடக்க, வண்டி உள்ளவன் வீடு மட்டும் ஒளிர்வது நீதியாகாது. அதனால்தான் என் கோரிக்கை ஒன்றோடு நிற்கவில்லை.

பிளக்-இன் ஹைபிரிட் உட்பட, வெளியிலிருந்து சார்ஜ் வாங்கும் வண்டி ஒவ்வொன்றிலும் வெளியே தரும் பிளக் பாயிண்ட் இருந்தே ஆகவேண்டும். 1968 முதல் அமெரிக்காவில் புதுக் கார்களுக்கு இருக்கைப் பட்டையைச் சட்டம் கட்டாயமாக்கவில்லையா? விரும்பினால் வாங்கிக்கொள் என்று விடவில்லையே! மின்கருவியால் உயிர் வாழ்வோர் இல்லங்களுக்கு, விளக்கை அணைக்கும் நிறுவனமே தன் செலவில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்தவேண்டும். அரசும் நகராட்சியும் வைத்திருக்கும் இத்தகைய வண்டிகள், இருண்ட நாளிலே ஏழையர் குடியிருப்புகளுக்கும் மருத்துவ விடுதிகளுக்கும் முதலில் செல்லவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. மக்கள் வாசலில் வண்டி இருக்கிறதே, இனிக் கம்பியைச் செப்பனிடுவானேன் என்று மின் நிறுவனம் எண்ணுமானால், அந்த எண்ணத்தை முளையிலேயே கிள்ளவேண்டும். வண்டி, விபத்து நாளின் ஊன்றுகோல். ஊன்றுகோல் கொடுத்துவிட்டோம் என்று காலை வெட்டுவோரை அனுமதிக்கலாகாது!

நம் நாட்டுச் சந்தையிலும் வெளியே மின்சாரம் தரும் மின்வண்டிகள் சில வந்துள்ளன. வாங்கச் செல்பவன் கண்ணாடியையும் வண்ணத்தையும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாகாது. “இது எனக்குத் திருப்பித் தருமா?” என்று கேட்கவேண்டும். வாங்க மட்டுமே தெரிந்த கருவியையும், வாங்க மட்டுமே தெரிந்த நிறுவனத்தையும் கேள்வி கேட்காத நாடு, இருட்டைக் காசு கொடுத்து வாங்குகிறது, தோழனே! கேள். உரக்கக் கேள்!