கட்சிக்குள் அடங்காத வாக்காளன்

மாணவர்களே, 18 வயதானதும் உங்கள் கைக்கும் வாக்குச்சீட்டு வரும். 1989 முதல் நமது பாராளுமன்றத் தேர்தலில் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடியிட்ட பின்னரே, அதே பட்டியலில் மூவர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். ஒரு கட்சியின் கல்விக் கொள்கையும் இன்னொன்றின் அதிகாரப் பகிர்வு நிலைப்பாடும் உங்களுக்குப் பிடித்திருந்தால்? வழியில்லை. நேர்மையான ஒருவருக்காக இட்ட வாக்கும் கட்சிக் கணக்கில்தான் சேரும். நீங்கள் வெறுப்பவரும் அதனால் உள்ளே போகலாம். இதனை நான் குறை என்றே சொல்வேன். ஜனாதிபதித் தேர்தலிலோ கட்சி பாராது மூவரை வரிசைப்படுத்தலாம். 2024இல் எவரும் 50 வீதத்தைத் தாண்டாததால், அவ்விருப்புகள் முதன்முறையாக எண்ணப்பட்டன. அந்தச் சுதந்திரம் பாராளுமன்ற வாக்குச்சீட்டில் ஏன் கூடாது? தேர்தல் முறை பற்றி வினா வந்தால், விகிதாசாரத்தின் நன்மைகளோடு இதையும் எழுதுங்கள்.