கறுப்பு பெல்ட் என்ன விலை?

மூன்று மாதத்துக்கு ஒரு பரீட்சை! பரீட்சைக்கு ஒரு கட்டணம்!

இடுப்பில் கட்டும் ஒரு துணிப் பட்டை. நீளம் இரண்டு, மூன்று கஜம் இருக்கும். கடையில் வாங்கினால் பெரிய விலை இல்லை.

ஆனால் அந்தப் பட்டைக்காகப் பல வீடுகளில் அப்பாவும் அம்மாவும் மாதக் கடைசியில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள்.

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெல்ட் டெஸ்ட். பணம் கட்டணும்" என்று பையன் வந்து நிற்கிறான். போன முறைதான் கட்டினோமே என்றால், "அது மஞ்சளுக்கு. இது ஆரஞ்சுக்கு" என்கிறான்.

காரைக்கால் சின்ன ஊர். 2011-ம் ஆண்டு மக்கள் கணக்கின்படி மாவட்டம் முழுவதற்கும் சுமார் 2 லட்சம் பேர்தான். ஆனாலும் கராத்தே, டேக்வாண்டோ, சிலம்பம் ஆகியவற்றின் மேல் ஆசைக்குப் பஞ்சம் இல்லை. பெண் பிள்ளைகளையும் பெற்றோர் ஆர்வத்தோடு அனுப்புகிறார்கள். நாள் கெட்டுக் கிடக்கிறது. பெண்ணுக்குத் தற்காப்புத் தெரிந்திருக்கட்டும் என்ற எண்ணம்தான். நல்ல எண்ணம்.

பணம் எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்பதுதான் பலருக்குப் புரியவில்லை.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு பேச்சுக்காக வைத்துக்கொள்வோம். மாதக் கட்டணம் 500 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒரு பரீட்சை. பரீட்சைக்கு 700 ரூபாய். வெள்ளை பெல்ட்டில் தொடங்கிப் பழுப்பு முடிய ஒன்பது பரீட்சைகள். கடைசியில் கறுப்பு பெல்ட் பரீட்சைக்கு 7,000 ரூபாய். சட்டை, கால்சட்டை 1,000 ரூபாய்.

இருபத்தேழு மாதச் சம்பளம் 13,500. ஒன்பது பரீட்சைகளுக்கு 6,300. கறுப்பு பெல்ட் 7,000. உடுப்பு 1,000. ஆக மொத்தம் 27,800 ரூபாய்!

சேர்க்கும்போது அப்பா கேட்டது ஒரே கேள்வி: "மாதம் எவ்வளவு சார்?" அவர் மனதில் இருந்த கணக்கு 13,500. ஆனது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

இது உதாரணக் கணக்கு. இடத்துக்கு இடம் தொகை மாறும். ஆனால் கணக்கின் அமைப்பு அநேகமாக இப்படித்தான். மாதச் சம்பளம் முன்வாசல் வழியாகத் தெரிகிறது. பரீட்சைக் கட்டணம் கொல்லைப்புறம் வழியாக வருகிறது.

இந்த வண்ணப் பட்டை எங்கே பிறந்தது?

இது ஏதோ ஆயிரம் ஆண்டுப் பழைய வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை.

ஜப்பானில் ஜிகோரோ கானோ என்ற கல்விமான் 1882-ல் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். டோக்கியோவில் ஒரு கோயிலில், 12 பாய் விரிக்கும் அளவு இடத்தில் தொடங்கிய பள்ளி அது. மறு ஆண்டே இரண்டு சீடர்களுக்கு முதல் "டான்" தகுதி கொடுத்தார். கறுப்பு பெல்ட் அதன் பிறகு சில ஆண்டுகளில் வந்தது. அதற்கு முன் வாள் வித்தை, மல்வித்தை ஆசான்கள் சீடனுக்குக் கொடுத்தது கையால் எழுதிய ஓலைச் சுருள் போன்ற சான்று. அதற்கும் காணிக்கை வாங்கினார்கள். ஆகவே தகுதிக்குப் பணம் என்பது புதுசு அல்ல.

கராத்தேயை ஒகினாவா தீவிலிருந்து 1922-ல் டோக்கியோவுக்குக் கொண்டு வந்தவர் புனாகோஷி கிச்சின். கானோவைப் பார்த்து அவரும் 1924-ல் தம் சீடர்களுக்குக் கறுப்பு பெல்ட் கொடுத்தார்.

சரி, மஞ்சளும் ஆரஞ்சும் பச்சையும் எங்கிருந்து வந்தன?

ஐரோப்பாவில் இருந்து! லண்டனில் 1920-களிலேயே இந்தப் பழக்கம் தலைகாட்டியது. 1935-ல் பாரிஸ் நகரம் போய் ஜூடோ சொல்லிக்கொடுத்த மிக்கினோசுக்கே கவாய்ஷி என்பவர் அதை நன்றாகப் பரப்பினார். வெள்ளைக்காரச் சீடனுக்குப் பொறுமை குறைவு. தான் முன்னேறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். நிறம் மாறினால் உற்சாகம் வரும்.

அந்த 1935-ம் ஆண்டில் காரைக்காலிலும் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது என்பது ஒரு வேடிக்கை.

சிறு பிள்ளைகளுக்கு இந்த முறை ஏற்றது என்பதில் சந்தேகம் இல்லை. பத்து வயதுப் பையனிடம் "ஐந்து வருஷம் அடி, உதை பழகு, அப்புறம் பார்க்கலாம்" என்றால் ஓடிவிடுவான். ஏணிக்குப் படி வேண்டும். ஆனால் படி அதிகமானால் கட்டணமும் அதிகம். சில இடங்களில் ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவில் கோடு போட்ட பெல்ட் வேறு வந்துவிட்டது!

மாஸ்டர் பக்கமும் நியாயம் உண்டு

மாஸ்டரைக் கேட்டால் அவரும் ஒரு கணக்குச் சொல்வார். இடத்துக்கு வாடகை. மழைக்காலத்தில் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. வராத மாதத்துக்குப் பணமும் வருவதில்லை. அரசாங்கச் சம்பளமோ, பென்ஷனோ கிடையாது. பரீட்சை நடத்த வெளியூரிலிருந்து பெரிய மாஸ்டர் வந்தால் அவருக்குப் பஸ் செலவு, சாப்பாடு, மரியாதை. சான்றிதழ் கொடுக்கும் மேல் சங்கத்துக்கு ஒரு பங்கு.

மாதச் சம்பளத்தை 800 ஆக்கினால் பெற்றோர் பக்கத்து வகுப்புக்குப் போய்விடுவார்கள். ஆகவே சம்பளத்தைக் குறைவாக வைத்து, பெல்ட்டில் ஈடுகட்டுகிறார்கள். இதைத் திருட்டு என்று சொல்வது தவறு.

டைப்ரைட்டிங் பரீட்சையைப் பாருங்கள்

பரீட்சைக்குப் பணம் கட்டுவது நம் வீடுகளுக்குத் தெரியாத சங்கதியா? டைப்ரைட்டிங் "லோயர்", "ஹையர்" பரீட்சைக்குக் கட்டாத குடும்பம் உண்டா? இந்திப் பிரசார சபாவின் "பிராத்மிக்", "மத்யமா" பரீட்சைக்குக் கட்டுகிறோமே!

ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பவர் தெருக்கோடி இன்ஸ்டிடியூட்காரர். தமிழ்நாட்டில் பரீட்சை நடத்துவதோ தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். தாளைத் திருத்துபவருக்குப் பையன் யார் என்றே தெரியாது. பையன் தவறினால் இன்ஸ்டிடியூட்காரருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

பெல்ட் டெஸ்டில் பல இடங்களில் சொல்லிக்கொடுப்பவரும் அவரே. பரீட்சை வைப்பவரும் அவரே. பணம் வாங்குபவரும் அவரே. பையனைத் தவற வைத்தால் அப்பா கோபித்துக்கொள்வார். அடுத்த மாதம் பையன் வரமாட்டான். ஒரு மாணவன் தவறினால் மாஸ்டருடைய அடுப்பு எரிவதில் குறை விழும். அப்படியானால் எந்த மாஸ்டருக்குத் "தவறிவிட்டாய்" என்று சொல்லத் துணிவு வரும்?

கட்டணம் எவ்வளவு என்பதைவிட இதுதான் பெரிய கேள்வி.

பிரான்சில் சட்டம்

காரைக்காலில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவினர் இருக்கிறார்கள். அங்கே இருக்கும் சித்தப்பாவையோ மாமாவையோ கேட்டால் ஒரு செய்தி சொல்வார்.

பிரான்சில் கறுப்பு பெல்ட்டை யார் வேண்டுமானாலும் கொடுத்துவிட முடியாது! அந்த நாட்டு விளையாட்டுச் சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது. ஜூடோவானாலும் கராத்தேவானாலும், அரசு பொறுப்புக் கொடுத்த சம்மேளனத்தில் தகுதிக்கென்றே ஒரு தனிக் குழு உண்டு. அந்தக் குழு கொடுத்தால்தான் "டான்". அது கொடுக்காத "டான்" தகுதியைச் சொல்லிக்கொள்வது சட்டப்படி குற்றம். பழுப்பு வரையிலான நிறங்களைச் சங்கத்து ஆசிரியர் தாமே கொடுக்கலாம். கறுப்புக்கு மட்டும் வேறு நடுவர்கள் முன் நிற்க வேண்டும்.

1954 நவம்பர் 1-ல் காரைக்கால் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1962-ல் சட்டப்படி இணைந்தது. இந்தியாவில் இப்படி ஒரு "டான்" சட்டம் கிடையாது. இங்கே ஒரு மாஸ்டர் ஒரு சங்கத்தைப் பதிவு செய்து, சான்றிதழ் அச்சடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். தடுப்பார் இல்லை.

கராத்தேயில் குழப்பம் இன்னும் அதிகம். ஷோட்டோகான், கோஜுரியூ, ஷிட்டோரியூ, வாடோரியூ என்று பல பிரிவுகள். பெல்ட் கொடுப்பதற்கு உலகம் முழுவதற்கும் ஒரே தலைமை இல்லை. இந்தியாவிலோ, போட்டிகளைக் கவனித்து வந்த இந்தியக் கராத்தே சங்கத்தின் அங்கீகாரத்தையே உலகக் கராத்தே சம்மேளனம் 2020-ல் விலக்கிக்கொண்டது. மேலே சங்கங்கள் மோதிக்கொண்டால், கீழே சான்றிதழ் வைத்திருக்கும் பையனுக்கு என்ன தெரியும்?

டேக்வாண்டோவில் நிலைமை கொஞ்சம் தெளிவு. தென் கொரியாவின் சியோல் நகரில் 1972-ல் திறந்த குக்கிவோன் என்ற தலைமைப் பள்ளி "டான்" சான்றிதழ் தருகிறது. 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு அதன் பெயர் "பூம்". சான்றிதழில் எண் உண்டு. அந்த எண் உண்மையா என்று குக்கிவோனின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பணம் அங்கேயும் கட்டத்தான் வேண்டும். ஆனால் கட்டிய பணத்துக்குச் சரிபார்க்க ஓர் எண் கிடைக்கிறது.

காலேஜ் சீட்டு கிடைக்குமா?

"பிளாக் பெல்ட் வாங்கினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டு" என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. பெற்றோர் கடன் வாங்கிக் கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் பார்ப்பது போட்டியை. மாநிலத்துக்காக ஆடினானா, தேசியப் போட்டியில் பதக்கம் வாங்கினானா, அங்கீகாரம் பெற்ற பள்ளி விளையாட்டிலோ பல்கலைக்கழக விளையாட்டிலோ கலந்துகொண்டானா என்றுதான் கேட்பார்கள். மத்திய அரசு வேலை ஒதுக்கீட்டிலும் அப்படியே. இடுப்பில் என்ன நிறம் என்று பார்ப்பதில்லை. தேசியப் பதக்கம் வாங்கிய நீல பெல்ட்காரனுக்கு மதிப்பு உண்டு. எந்தப் போட்டிக்கும் போகாத கறுப்பு பெல்ட்காரனுக்கு அந்த வரிசையில் இடம் இல்லை.

ஏழைப் பிள்ளையும் எளிதில் தேறிய பிள்ளையும்

இந்த முறையில் இரண்டு பிள்ளைகளுக்குத்தான் உண்மையான நஷ்டம்.

ஒன்று, கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை. மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பாவுக்கு வருமானம் இல்லை. அந்த மாதம் பார்த்துப் பரீட்சை வருகிறது. நன்றாக உதைக்கத் தெரிந்த பெண் வெள்ளை பெல்ட்டிலேயே நிற்கிறாள். அவளிடம் தோற்றவள் பச்சை கட்டிக்கொண்டு முன்வரிசையில் நிற்கிறாள். நான்கு நாள் பொறுப்பாள். ஐந்தாம் நாள் வகுப்புக்கு வரமாட்டாள்.

மற்றது, சுலபமாகத் தேறிய பிள்ளை. இதுதான் ஆபத்து. எதிரில் நிற்பவன் ஓங்கி அடிக்க வராமல், எண்ணிக்கைக்கு ஏற்பக் காற்றில் குத்தி, ஓட்டைப் பலகை உடைத்து, கறுப்பு கட்டிய பெண் தனக்குத் தற்காப்புத் தெரியும் என்று நம்புகிறாள். அவள் அம்மாவும் நம்புகிறாள். ராத்திரி டியூஷன் முடிந்து தனியாக வரட்டும் என்று விடுகிறாள். தெருவில் ஒரு முரடன் கையைப் பிடித்தால் அந்தப் பட்டை என்ன செய்யும்?

அரசுப் பள்ளிப் பெண்களுக்கு ராணி லட்சுமிபாய் தற்காப்புப் பயிற்சி என்று மூன்று மாதத் திட்டம் உண்டு. அதற்குப் பிள்ளைகள் பணம் கட்ட வேண்டியதில்லை. மூன்று மாதத்தில் வீராங்கனை ஆகிவிட முடியாதுதான். ஆனால் அது பொய் நம்பிக்கை தருவதில்லை.

சேர்க்கும் நாளில் கேட்க வேண்டியது

மாதம் எவ்வளவு என்று மட்டும் கேட்டு முடித்துவிடக் கூடாது. கறுப்பு வரை மொத்தம் எத்தனை பரீட்சை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று எழுதி வாங்கலாம். பரீட்சை வைப்பவர் வெளி ஆளா என்று கேட்கலாம். சென்ற முறை எத்தனை பேர் எழுந்து நின்றார்கள், எத்தனை பேர் தவறினார்கள் என்றும் கேட்கலாம். "எங்களிடம் யாருமே தவறுவதில்லை" என்று மாஸ்டர் பெருமையாகச் சொன்னால் அங்கேதான் யோசிக்க வேண்டும். தவறிய பிள்ளையிடம் மறுபடி முழுக் கட்டணம் வாங்காமல் பயிற்சி மட்டும் கொடுக்கும் மாஸ்டர் கிடைத்தால், அவரை விட்டுவிடக் கூடாது.

சிலம்ப ஆசான்கள் முன்காலத்தில் பட்டை கொடுத்ததில்லை. வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், முடிந்தால் ஒரு வேட்டி. அவ்வளவுதான் காணிக்கை. சீடன் தேறினானா என்பதைத் திருவிழாக் கூட்டம் பார்த்துச் சொன்னது. கம்பு கை தவறினால் ஊரே பார்க்கும், மறைக்க முடியாது.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதன் மதிப்பு உயர்ந்திருக்கிறது. அதோடு சில சிலம்பக் கூடங்களிலும் நிறம் நிறமாகப் பட்டைகள் வந்துவிட்டன. கட்டணமும் வந்துவிட்டது.