பெட்டகம் அங்கே, பேனா எங்கே?

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்து வீடுகளுக்குள் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதே ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிக் குப்பைமேடாய்க் கிடந்த நிலந்தான் 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்காவாகி, 2011-இல் கலைஞர் கரத்தால் திறக்கப்பட்டது. நமக்கு ஆற்றல் இல்லை என்பார்க்கு அதுவே விடை.

ஆனால், பசுமைக் காலநிலை நிதியம் எனும் உலகப் பெட்டகத்தை மாநிலம் நேரே அணுக முடியாது. டில்லியின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 'தடையில்லை' என எழுதித் தரவேண்டும். நிதியத்தின் ஒப்புதல் பெற்ற நிறுவனமொன்று கைப்பிடித்து அழைத்துச் செல்லவேண்டும். 2018-இல் இந்தியக் கடலோர மக்களுக்கென அந்நிதியம் 4 கோடி டாலருக்கு மேல் வழங்கிற்று. ஆந்திரம், மராட்டியம், ஒடிசா ஆகிய மூன்றும் பெற்றன. 1,000 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை கொண்ட தமிழ்நாடு? பட்டியலிலேயே இல்லை!

டில்லியை இடித்துரைப்போம், அது நம் உரிமை. ஆயினும் திட்டம் தீட்டவும், வெள்ளத்தின் போக்கைக் கணிக்கவும், செலவான ஒவ்வொரு டாலருக்கும் தணிக்கையாளர் முன் கணக்குக் காட்டவும் நிலையான ஊழியர் வேண்டாமா? ஒப்பந்த ஆலோசகர் அறிக்கையை மேசைமேல் வைக்கிறார். கற்றதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். தமிழ்நாடு பசுமைக் காலநிலை நிறுவனத்தில் அத்தகைய வல்லுநரை அரசு நிரந்தரமாக அமர்த்தட்டும், அடுத்த பட்டியல் எழுதப்படுமுன்.