சோளகம் தணியிற நேரம்

புரட்டாதியில சோளகம் தணியும். வாடை பிடிக்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். பாய்வள்ளம் பழக நல்ல இடைவெளி அது. நெடுந்தீவுக் கடல் வேண்டாம். யாழ்ப்பாணத்துக்கும் தீவுகளுக்கும் இடையில் கிடக்கிற ஆழம் குறைந்த பரவைக்கடல் போதும்.

வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி 1938இல் பாய்விரித்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்ததைப் பெருமையாச் சொல்லுறம். ஆனால் 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தபோதும் காற்று வழமைபோலத்தான் வீசினது. அதைப் பிடிக்கத்தான் எங்கட தலைமுறைக்குத் தெரியேல்லை.

பெருமை காணும். பாய் கட்டி ஓடின பெரியாக்கள் இருக்கும்வரைதான் இதைக் கேட்டுப் பழகலாம். தீவகப் பள்ளிக்கூடங்கள் கிரிக்கெட்டுக்குக் குடுக்கிற சனிக்கிழமைகளில் ஒன்றிரண்டைக் கடலுக்கும் குடுக்கட்டும். நீச்சல் முதல், பாய் பிறகு.